மிதக்கும், நிமிர்ந்து நிற்குமா?

ஒரு கிலோ இரும்புக் குண்டை வில்தராசில் தொங்கவிட்டுத் தண்ணீருக்குள் முழுக்க இறக்கினால், முள் ஏறக்குறைய 873 கிராமில் நிற்கும். குறைந்த 127 கிராம், குண்டு ஒதுக்கிய தண்ணீரின் எடை. ஆர்க்கிமிடிஸ் கண்ட இந்த உறவைத்தான் நீரின் அடர்த்தி, மூழ்கிய கன அளவு, புவியீர்ப்பு முடுக்கம் ஆகிய மூன்றின் பெருக்கலாகப் பாடநூல்கள் தருகின்றன.

இந்தக் கணக்கின் பலம், அது வடிவத்தைக் கேட்பதில்லை என்பதே. உருண்டையோ கரடுமுரடான கல்லோ, மூழ்கிய கன அளவு தெரிந்தால் போதும். துறைமுகங்களில் நிலக்கரிக் கப்பலின் சரக்கை இன்றும் இப்படித்தான் அளக்கிறார்கள். முன், நடு, பின் என இருபுறமும் உள்ள ஆழக் குறிகளைப் படித்து, ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் கப்பல் ஒதுக்கிய நீரின் எடையைக் கணக்கிட்டு, எரிபொருள் போன்றவற்றின் மாற்றத்தையும் சரிசெய்து கழிக்கிறார்கள். பல்லாயிரம் டன்னை நிறுக்க வேறு தராசு ஏது?

குறை, அடர்த்தியை மாறாத எண்ணாக மனப்பாடம் செய்வதில் தொடங்குகிறது. நன்னீர் கன மீட்டருக்கு 1000 கிலோ என்றால், கடல்நீர் சுமார் 1025. ஆற்றுத் துறைமுகத்திலிருந்து கடலுக்கு வரும் கப்பல் சற்று மேலெழும். பொருளின் அடர்த்தியும் நிலையானதல்ல. கட்டுமரத்துக்காரர்கள் கரையேறியதும் மரங்களை அவிழ்த்துக் காயப்போடுவது, ஊறிய மரம் கனத்து அமிழும் என்று தெரிந்துதான்.

இதைவிடப் பெரிய குறையை 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் கண்டது. ஸ்வீடனின் வாசா போர்க்கப்பல் முதல் பயணத்தில் சுமார் 1300 மீட்டர்தான் போனது. காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே நீர் புகுந்து மூழ்கியது. அதைத் தாங்கும் மிதப்பு விசை இருந்தது. மேற்பாரம் மிகுந்ததால் நிமிரும் திறன் இல்லை. முன்னதாக முப்பது பேரைத் தளத்தில் குறுக்கே ஓடவிட்டுச் சோதித்தபோதே அது அபாயமாக ஆடியது. சாய்ந்த கப்பல் நிமிருமா என்று கணக்கிடும் வழியை பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே வெளியிட்டது 1746இல்தான்.

ஆக, வடிவத்தைக் கேட்காத பலமே பலவீனமும் ஆகிறது. விசை எவ்வளவு என்று சொல்லும் கணக்கு, அது எந்தப் புள்ளியில் தாங்குகிறது என்று சொல்வதில்லை. வகுப்பில் ஒரு வாளித் தண்ணீரும் மரக்குச்சியும் போதும். குச்சியை நட்டுக்குத்தலாக மிதக்கவிட்டால் உடனே படுத்துவிடும். இரு நிலையிலும் மூழ்கிய கன அளவு ஒன்றே, விடையும் ஒன்றே. பிறகு ஏன் படுத்தது என்று ஒரு மாணவர் கேட்டால், அங்கிருந்துதான் அடுத்த பாடம் தொடங்க வேண்டும்.