நாற்காலியும் செக் புக்கும்

பெண்கள் தலைமைக்கு வரவேண்டும் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். எத்தனை சதவீதம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எந்தப் பெண், எந்த நாற்காலி, உட்கார்ந்த பிறகு அவள் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை.

2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் வெளியானது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சிக் கூட்டம். மற்றவங்க நாற்காலியில இருக்காங்க. தலைவர், தலித் பெண், தரையில. படம் பரவியதும் நாடே கொதித்தது. ஊராட்சிச் செயலரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள், துணைத் தலைவர் மேல் வழக்குப் போட்டார்கள். அந்தச் செயலரும் ஒரு பெண்தான். 'பெண்' என்ற ஒற்றை அடையாளத்தை வைத்துத் தலைமை பற்றிப் பேசுகிற பெண்ணியத் தோழிகள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் எங்க பெரியம்மாவின் செக் புக்தான் ஞாபகம் வந்தது.

2006ல் பெரியம்மா எங்க ஊராட்சிக்குத் தலைவர். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் வைத்திருந்தது. தலைவர் பதவிக்குத்தான் இடஒதுக்கீடு. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள், அதற்கு ஒதுக்கீடு கிடையாது. பிறகென்ன? தலைவர் சேரி, துணைத் தலைவர் ஊர். சேரித் தண்ணி மோட்டாரில் காயில் எரிஞ்சுபோச்சு. பெரியம்மா கையெழுத்துப் போட்ட செக்கை எடுத்துக்கிட்டு அவர் வீட்டுக்குப் போச்சு. திண்ணைக்குக் கீழே நின்னுச்சு. 'நாளைக்கு வா'ன்னாரு. மறுநாளும் அதேதான். பதினோரு நாள் எங்க பொம்பளைங்க வாய்க்கால் தண்ணி மொண்டாங்க. பெரியம்மாவைத் திட்டுனதும் அவங்கதான்: 'நீ தலைவரா இருந்து என்னாத்த கிழிச்ச?'

பெரியம்மாவைத் தரையில் உட்காரவைத்து யாரும் படம் எடுக்கவில்லை. ஊராட்சி அலுவலகத்தில் அதுக்கு நாற்காலி இருந்தது. புகாரும் இல்லை, கைதும் இல்லை. இந்த மாதிரித் தீண்டாமை கேமராவில் விழாது. மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டோடு தமிழ்நாட்டில் முதல் தேர்தல் நடந்தது 1996ல். 2016ல் அதைப் பாதியாக உயர்த்திச் சட்டம் செய்தார்கள். எண்ணிக்கை கூடியது. துணைத் தலைவர் திண்ணை அப்படியே இருந்தது.

மீறி வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்குத் தாழையூத்து இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம். அருந்ததியப் பெண் கிருஷ்ணவேணி அங்கே தலைவர். பெண்களுக்குப் பொதுக்கழிப்பறை கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 2011 ஜூனில் ஆட்டோவில் வீடு திரும்பும்போது வெட்டினார்கள். பிழைத்துக்கொண்டார். கேட்டது கக்கூசு.

எம்.ஏ. தமிழ் படித்தவள் என்பதால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நம் அக இலக்கியத்தில் 'தலைவி' என்றால் யார்? வீட்டில் காத்திருப்பவள். பொருள் தேடிப் போகிறவன் தலைவன். அந்தத் தலைவி ஆகக்கூட நம்ம பெண்களுக்கு அனுமதி இல்லை. அடியோரையும் வினைவலரையும் தொல்காப்பியம் ஐந்திணைக்கு வெளியே நிறுத்திவிட்டது. இதை வகுப்பில் ஒரு வரியில் தாண்டிப் போனார்கள். நாங்களும் குறிப்பெடுத்துக்கொண்டோம்!

ஊர்க்காரர்களைத் திட்டிவிட்டு இத்தோடு முடித்தால் நமக்கு வசதி. நம்ம அமைப்புகளில் என்ன நடக்கிறது? சத்தியவாணி முத்து 1967ல் அண்ணா அமைச்சரவையில் அமைச்சர். 1974ல் தி.மு.க.வை விட்டு வெளியேறி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் என்று தனிக்கட்சி கண்டார். 1979ல் மத்திய அமைச்சர். அவருடைய அரசியலோடு நமக்கு ஆயிரம் முரண்பாடு இருக்கலாம். ஒரு தலித் பெண் தன் தலைமையில் கட்சி கட்டினார் என்பதை நம்ம மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? அரசியல் நிர்ணய சபைப் பெண்களில் ஒரே தலித் பெண் தாட்சாயணி வேலாயுதம். அவரும் சென்னை மாகாணத்திலிருந்து போனவர்தான். அவர் படத்தை எந்தச் சுவரொட்டியிலும் நான் பார்த்ததில்லை.

போன ஏப்ரல் 14 கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நோட்டீசில் 'மகளிரணி சார்பில்' என்று கடைசி வரியில் என் பெயர். மைக் கைக்கு வரும்போது ராத்திரி பத்தரை. முன்னால் பாதி நாற்காலி காலி. தோழர் ஒருத்தர், 'ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருங்க தோழர், போலீஸ் பர்மிஷன் முடியுது' என்று காதில் சொன்னார். மேடைக்குப் பின்னாடி அண்டாவில் சோறு வடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் எங்க தெரு அக்காங்க. அமைப்பின் வரவுசெலவு நோட்டை அவர்களில் யாரும் பார்த்ததில்லை. அமைப்பின் வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுகிற மூன்று பேரும் ஆண்கள். நம்ம அமைப்பிலும் ஒரு திண்ணை இருக்கு தோழர்.

2023ல் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று அரசமைப்பைத் திருத்தினார்கள். கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே என்று அதிலேயே எழுதினார்கள். பட்டியல் சாதித் தொகுதிகளிலும் மூன்றில் ஒன்று பெண்ணுக்கு. அப்போது நம் கட்சிகள் யாரை நிறுத்தும்? பெண்டாட்டியையா, தங்கச்சியையா, சோறு வடித்த அக்காவையா?

அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கிறார்களாம். 'தலைமை' என்கிற இடத்தில் தெரு அக்காக்களில் ஒருத்தி பெயரைப் போடுங்கள், வங்கிக் கணக்கிலும் அவர் கையெழுத்தைச் சேருங்கள் என்று மாவட்டப் பொறுப்பாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரலை.