இரவல் துப்பாக்கி

வேட்டைக் கதைகள் என்றால் எனக்கு ஒரு சபலம். புலி வருகிறதோ இல்லையோ, துப்பாக்கியை வைத்திருப்பவனுக்கு அதைப் பிடிக்கத் தெரியுமா என்றுதான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் தெரிந்திருக்கும். ஒரே தோட்டா, புலி சுருண்டு விழும், ஆசிரியர் அதன் மேல் காலை வைத்துப் படம் எடுத்துக்கொள்வார். பழகாத கைக்குப் பெரிய ரைபிள் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்று எழுதியவர்கள் வெகு சிலர். அவர்களில் இருவர், ஜார்ஜ் ஆர்வெலும் ஹெமிங்வேயும், ஒரே வருஷத்தில், 1936-ல், அதை எழுதிப் பிரசுரித்தார்கள் என்பது வேடிக்கை.

ஆர்வெலின் 'யானையைச் சுடுதல்' கட்டுரையைப் படித்தவர்கள் ஏகாதிபத்தியத்தைப் பற்றி அதில் வருவதைத்தான் சொல்வார்கள். நானும் பரீட்சையில் அதையே எழுதி மார்க்கு வாங்கியவன்தான். நாற்பதைத் தாண்டித் திரும்பப் படித்தபோது கண்ணில் பட்டது துப்பாக்கி.

பர்மாவில், மோல்மீனில், அவர் போலீஸ் அதிகாரி. மதம் பிடித்த வளர்ப்பு யானை ஒன்று சங்கிலியை அறுத்துக்கொண்டு பஜாரில் புகுந்துவிட்டது. ஒரு .44 வின்செஸ்டரை எடுத்துக்கொண்டு போகிறார். யானைக்கு அது காணாது. சத்தமாவது போடும் என்ற நினைப்பு. சேற்றில் மிதிபட்டுக் கிடக்கும் ஓர் இந்தியக் கூலியைப் பார்த்த பிறகுதான், நண்பர் வீட்டிலிருந்து யானைத் துப்பாக்கியைத் தருவிக்கிறார். கூடவே ஐந்து தோட்டாக்கள். அதுவும் தற்காப்புக்காக.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. யானை குடிசையைப் பிய்த்தபோது ஜனங்கள் அவ்வளவாக லட்சியம் பண்ணவில்லை. பெரிய துப்பாக்கி வந்ததும் ஊரே பின்னால் திரண்டுவிட்டது. இரண்டாயிரம் பேராவது இருக்கும். யானையோ வயலில் சாதுவாகப் புல் தின்கிறது. சுட வேண்டிய அவசியமில்லை என்று பார்த்தவுடனே அவருக்குத் தெரிகிறது. வின்செஸ்டரோடு நின்றிருந்தால் அவரிடம் யாரும் ஒன்றும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கையிலிருக்கும் ஆயுதம் பெரிதாகிவிட்டது. ஆளும் பெரிய ஆளாக வேண்டியிருக்கிறது.

அழகான ஜெர்மன் துப்பாக்கி. ஆனால் யானையை எங்கே சுடுவதென்று மனிதருக்குத் தெரியாது! பக்கவாட்டில் நிற்கும் யானையைக் காதுத் துளையில் சுட்டிருக்க வேண்டும். மூளை இன்னும் முன்னால் இருக்கும் என்று எண்ணிச் சில அங்குலம் தள்ளிக் குறி வைக்கிறார். மூன்றாவது குண்டில் யானை விழுகிறது, சாகவில்லை. மீதி இரண்டையும் செலுத்துகிறார். பிறகு சின்னத் துப்பாக்கியை வாங்கி நெஞ்சிலும் தொண்டையிலும் சுட்டுத் தள்ளுகிறார். பார்க்கச் சகிக்காமல் போய்விடுகிறார். அது சாக அரைமணி ஆயிற்றாம்.

இது நிஜமாக நடந்ததா என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு அந்தச் சில அங்குலம் போதும். கட்டிச் சொல்கிறவன் தன் பயத்தைச் சொல்வான், பச்சாத்தாபத்தையும் சொல்வான். குறி தப்பியதற்கு இவ்வளவு அசட்டுத்தனமான காரணம் சொல்லமாட்டான்.

ஹெமிங்வேயின் பிரான்சிஸ் மகோம்பர் பணக்கார அமெரிக்கன். ஆப்பிரிக்காவில் சிங்கத்துக்கு எதிரே நின்று ஸ்பிரிங்பீல்டு ரைபிளின் விசையை இழுக்கிறான். விரல் ஒடிந்துவிடும்போல் இழுத்தும் வெடிக்கவில்லை. ஸேப்டியை விடுவிக்க மறந்திருக்கிறான். பிறகு சுட்ட குண்டு சிங்கத்தின் வயிற்றில் பாய்கிறது. அந்த இடத்தில் ஆசிரியர் சிங்கத்துக்குள்ளேயே புகுந்து அதன் வேதனையை எழுதுகிறார். அபாரமான எழுத்து. ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. மறுநாள் காட்டெருமை வேட்டையில் மகோம்பருக்குத் தைரியம் வந்துவிடுகிறது. அதைப் பெரிய பேறாகக் கொண்டாடுகிறார். எனக்கு அங்கேதான் சம்மதமில்லை. அவனுக்குத் தைரியமும் குறைவு, பழக்கமும் குறைவு. ஹெமிங்வே முதலாவதைத் தீர்த்துவிட்டு இரண்டாவதை மறந்துவிட்டார். வயிற்றில் குண்டோடு புல்லுக்குள் கிடந்த சிங்கத்துக்கு இவனுடைய தைரியம் மறுநாள் வந்து என்ன பிரயோஜனம்?

மறுபடி ஆர்வெலிடம் வருகிறேன். அவரும் எதையும் மறைக்கவில்லை. கூலி செத்திருந்ததால் சட்டப்படி தப்பினோம் என்று மகிழ்ந்ததைக்கூட ஒப்புக்கொள்கிறார். வெள்ளைக்கார இளைஞர்களோ ஒரு கோரங்கிக் கூலியைவிட யானை எவ்வளவோ விலை பெற்றது என்கிறார்கள். கோரங்கி நம் கிழக்குக் கரையில் ஆந்திரப் பக்கத்தில் ஒரு காலத்தில் துறைமுகமாக இருந்த ஊர். யானை உயிரோடிருந்தால் நூறு பவுன், செத்தால் தந்தத்துக்கு ஐந்து பவுன் தேறலாம் என்று ஆர்வெலே கணக்குப் போட்டிருக்கிறார். கூலியின் பெயரைத் தேடிக் கட்டுரையை மறுபடி ஒருமுறை புரட்டினேன். இல்லை.