பறை நம்முடையது, சேதி யாருடையது?

'குரலற்றவர்களின் குரல்' என்றொரு வார்த்தை தமிழ் இலக்கியச் சூழலில் ரொம்பத் தாராளமாகப் புழங்குகிறது. தலித் நாவல் வந்தால் பின்னட்டையில் அது இருக்கும். கருத்தரங்கில் நம்மில் ஒருவரை மேடையேற்றினால் அறிமுகம் செய்கிறவர் வாயில் அது இருக்கும். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நாம எப்பய்யா குரல் இல்லாம இருந்தோம்? ஊர்ச்சேதி எல்லாம் நம் தொண்டை வழியாகத்தானே போனது. வரி பாக்கி, ஜப்தி, ஏலம், திருவிழா என்று எதுவானாலும் தமுக்கைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக 'இதனால் சகலமானவர்களுக்கும்' என்று கத்தியவன் சேரிக்காரன். நாலு தெருவுக்குக் கேட்கிற கணீர்க் குரல். சேதி மட்டும் அவனுடையது இல்லை, மணியக்காரனுடையது. தனக்கு வரவேண்டிய கூலி பாக்கியை அவன் ஒருநாளும் தண்டோரா போட முடிந்ததில்லை. இந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்கு எழுதியதே 2022 ஆகஸ்டில்தான்.

குரலை ஏதோ ஆத்மா மாதிரிப் பேசுகிற விமர்சனம் இந்த விவகாரத்தை மறைத்துவிடுகிறது. தொண்டை யாருடையது, தமுக்கு யாருடையது, சேதியைத் தீர்மானிப்பது யார் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டுப் பார்ப்பதற்கு அமெரிக்கக் கறுப்பர்களின் வானொலி வரலாறு தோதானது. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் அவர்களுடைய இயக்கத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்ட நாளிலிருந்து நாம் கறுப்பு இலக்கியத்தைப் படித்துவருகிறோம். கவிதையை எடுத்துக்கொண்டோம், தன்வரலாற்றை எடுத்துக்கொண்டோம். அவர்களுடைய மைக் யார் கையில் இருந்தது, அது கைமாறியபோது என்ன நடந்தது என்று பார்க்கவில்லை.

மெம்ஃபிஸ் நகரில் 1947இல் இரண்டு வெள்ளை முதலாளிகள் தொடங்கிய டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலி போணியாகவில்லை. 1948 அக்டோபரில் நாட் டி. வில்லியம்ஸ் என்ற கறுப்பர், ஒரு பள்ளி ஆசிரியர், மைக் முன்னால் உட்கார வைக்கப்பட்டார். நேயர்கள் குவிந்தார்கள். சீக்கிரமே நிகழ்ச்சிகள் முழுக்கக் கறுப்பர்களுக்கானவை என்றாயின. 1954இல் 50,000 வாட் சக்தியோடு ஒலித்தது. பேசியவர்கள் கறுப்பர்கள், நிர்வாகமும் கல்லாப்பெட்டியும் வெள்ளையர் கையில். 1957இல் முதலாளிகள் நிலையத்தை விற்றார்கள். யாருக்கு விற்பது என்று பேசியவர்களையும் கேட்கவில்லை, கேட்டவர்களையும் கேட்கவில்லை. அந்த வானொலி ஒரு தலைமுறைக்குத் தெம்பு கொடுத்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அமைப்பைப் பொறுத்தவரை அது தண்டோராதான்.

இதற்கு நேரெதிர் அட்லாண்டா. 1949 அக்டோபரில் ஜெஸ்ஸி பிளேட்டன் என்ற கறுப்புக் கணக்காயர் டபிள்யூ.இ.ஆர்.டி. நிலையத்தை விலைக்கு வாங்கினார். அமெரிக்காவில் கறுப்பர் ஒருவர் சொந்தமாக்கிய முதல் வானொலி அது. பின்னால் அதே கட்டடத்தில் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்க அலுவலகம் வந்தது. கிங் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவார், மேல்மாடியிலிருந்து மைக்கைக் கீழே இறக்குவார்கள் என்று சொல்வார்கள். யாரிடமும் மனுப்போட வேண்டியதில்லை. கூரையைத் தட்டினால் போதும். தமுக்கு சொந்தமாக இருப்பதற்கு இதைவிட என்ன அர்த்தம் வேண்டும்?

சிகாகோ கதை இன்னும் சிக்கலானது. 1963இல் அங்கே ஒரு நிலையத்தை வாங்கி டபிள்யூ.வி.ஓ.என். என்று பெயர் வைத்தவர்கள் செஸ் சகோதரர்கள். போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பம், கறுப்பர்களின் ப்ளூஸ் இசைத்தட்டு வெளியிட்டு வளர்ந்தவர்கள். அந்த எழுத்துகளுக்கு 'நீக்ரோவின் குரல்' என்று அர்த்தம். குரல் நீக்ரோவினுடையது, பத்திரம் செஸ் பேரில். அதில் வெஸ்லி சவுத் நடத்திய 'ஹாட்லைன்' பேச்சு நிகழ்ச்சிக்கு ஜனங்கள் தொலைபேசியில் கூப்பிட்டு நியாயம் கேட்டார்கள். 1969இல் அண்ணன் லியோனார்ட் செஸ் செத்துப்போனார். நிலையம் ஒரு கம்பெனிக்குப் போனது. 1975இல் அந்தக் கம்பெனி பெயரைத் தூக்கிக்கொண்டு வேறு அலைவரிசைக்கு நகர்ந்தது. 1979இல் பழைய 1450 அலைவரிசையில் ஒலிபரப்பைத் தொடங்கியவர்கள் யார் தெரியுமா? முன்பு அங்கே சம்பளத்துக்குப் பேசிய அதே வெஸ்லி சவுத்தும் பெர்விஸ் ஸ்பானும். பிறகு பழைய பெயரையும் மீட்டார்கள். 1980களின் நடுப்பகுதியில் அது பேச்சு வானொலியாக மாறியது. கூலிக்குத் தமுக்கடித்தவன் தமுக்கை வாங்கிய கதை இது. அப்போதும் முழு நாள் கிடைக்கவில்லை. ஒரே அலைவரிசையை இன்னொரு நிலையத்தோடு நேரம் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2006இல் முழு நேரமும் கூடுதல் சக்தியும் வேண்டி 1690க்குப் போனார்கள். அந்த அலைவரிசை கிளியர் சேனல் என்ற ராட்சதக் கம்பெனியுடையது; இவர்கள் குத்தகைக்கு எடுத்தார்கள். குத்தகை என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பேச்சு வானொலியை நான் ஓர் இலக்கிய வடிவமாகவே பார்க்கிறேன். தமிழ் எம்.ஏ. பாடத்திட்டம் இதைச் சிரித்துத் தள்ளும். ஒப்பாரியைக்கூட வெகுகாலம் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்த பாடத்திட்டம்தானே. திருத்தி எழுதாத பேச்சு, குறுக்கே விழுகிற பேச்சு, போலீஸ் அடித்ததையும் வீட்டுக்காரன் வாடகை ஏற்றியதையும் அதே சூட்டோடு சொல்கிற பேச்சு. ஊர்ச்சாவடித் திண்ணையில் இடம் மறுக்கப்பட்ட சனத்துக்கு அதுவே திண்ணை. திண்ணையை இடிப்பது என்பது ஒரு நிகழ்ச்சியை நிறுத்துவது மாதிரி இல்லை. அந்த வடிவமே அங்கே செத்துப்போகிறது.

நியூயார்க்கில் இதுதான் நடந்தது. டபிள்யூ.எல்.ஐ.பி. நிலையத்தை 1970களின் தொடக்கத்தில் வாங்கிய இன்னர் சிட்டி நிறுவனம் கறுப்பர்களுடையது. அதைக் கட்டியவர்களில் முக்கியமானவர் பெர்சி சட்டன், மால்கம் எக்ஸின் வழக்கறிஞர். இதைவிடப் பெரிய வம்சாவளி வேண்டுமா? 1980கள், 90களில் அந்த நகரத்துக் கறுப்பர்கள், கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் சண்டை போடவும் சமாதானம் ஆகவும் அந்த நிலையத்துக்குத்தான் வந்தார்கள். 2004 மார்ச் 31 அன்று நாளின் பெரும்பகுதி ஏர் அமெரிக்கா என்ற புதிய வலையமைப்புக்குக் குத்தகையாகக் கைமாறியது. பழைய பேச்சு, கேட்க ஆளில்லாத நேரத்துக்கு ஒதுங்கியது.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். வந்தவர்கள் இனவெறியர்கள் இல்லை. புஷ் ஆட்சியை எதிர்த்த முற்போக்காளர்கள். வலதுசாரி வானொலிக்குப் பதிலடி கொடுக்கக் கிளம்பியவர்கள். நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் அந்தப் பதிலடிக்குக் காலி செய்யப்பட்டது யாருடைய திண்ணை? 'பப்ளிக் எனிமி' குழுவின் சக் டி அங்கே ஒரு நிகழ்ச்சியை நடத்தியவர்களில் ஒருவர். ஒரு முழு நிலையத்துக்குப் பதிலாக ஒரு நாற்காலி. பிரதிநிதித்துவம் என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். நம்மூர் இடதுசாரி, திராவிட, முற்போக்கு மேடைகளில் நமக்குப் போடப்படும் அந்த ஒற்றை நாற்காலி ஞாபகம் வருகிறதா இல்லையா? 'பொது எதிரி இருக்கிறான், உங்க பிரச்சினையை அப்புறம் பேசலாம்' என்று சொல்லிச் சொல்லியே நம் நேரத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டவர்கள் இங்கேயும் உண்டு.

2006 ஆகஸ்டு முடிவில் ஏர் அமெரிக்கா வேறு நிலையத்துக்குப் போனது. அந்த அக்டோபரில் திவால் மனு கொடுத்தது. 2010 ஜனவரியில் இழுத்து மூடப்பட்டது. டபிள்யூ.எல்.ஐ.பி. அதன் பிறகு தேவப் பாடல்கள் ஒலிபரப்பும் நிலையமானது. பாட்டு நல்ல பாட்டுதான். ஆனால் பாட்டைக் குறுக்கே நிறுத்திக் கேள்வி கேட்க முடியாதே! சட்டன் 2009இல் இறந்தார். அவருடைய நிறுவனம் 2011இல் திவாலாகிப் பிறகு விற்கப்பட்டது.

இதை ஒரு முதலாளியின் துரோகமாக மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் ஆகும். கறுப்பர்களுக்கு நிலையத்தை விற்கிறவருக்கு வரிச் சலுகை தரும் ஏற்பாடு ஒன்று 1978இல் வந்தது. 1995இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதை ஒழித்தது. ஒரு கம்பெனி நாடு முழுக்க எத்தனை நிலையம் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை 1996 சட்டம் எடுத்துவிட்டது. கிளியர் சேனல் ஆயிரத்துக்கு மேல் வாங்கிக் குவித்தது. சின்ன நிலையக்காரன் விற்க வேண்டும், அல்லது குத்தகைக்கு விட வேண்டும். 1892இல் நமக்கென்று ஏற்பாடான பஞ்சமி நிலத்துக்காவது வேற்றாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அந்த நிபந்தனை இருந்தே நிலம் போய்விட்டது. அலைவரிசைக்கு அதுவும் இல்லை.

ஆக, நம் ஆள் பேசினால் போதும் என்பது மெம்ஃபிஸில் பொய்த்தது. நம் ஆள் முதலாளியானால் போதும் என்பது நியூயார்க்கில் பொய்த்தது. பேசுகிற, கேட்கிற சனத்துக்கு நிர்வாகத்தில் பிடி இருந்தால்தான் கைமாறும் நேரத்தில் குறுக்கே நிற்க முடியும். அலைவரிசை பொதுச்சொத்து என்று நம் உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. சமுதாய வானொலிக்கான 2006 கொள்கை தொண்டு அமைப்புகளுக்கும் வழி திறந்தது. 2008 அக்டோபரில் தெலங்கானாவின் மாச்சனூரில் தொடங்கிய சங்கம் ரேடியோவை நடத்துகிறவர்கள் தலித் பெண்கள். உரிமம் வரும் முன்பே நாடாக்களில் பதிந்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டுவந்தவர்கள். விதையும் சமையலும் பாட்டும் அதில் ஒலிக்கிறது. ஆனால் சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது என்கிறது விதி. பக்கத்து ஊரில் சேரி எரிந்தால் அதைச் செய்தியாகச் சொல்ல முடியாது. தமுக்கைக் கையில் கொடுத்துவிட்டுச் சேதியைப் பிடுங்கி வைத்துக்கொள்வது மறுபடியும் அதே மணியக்காரன் வேலைதான்.

நம் பத்திரிகைகளும் பதிப்பகங்களும் இதற்கு வெளியே இல்லை. ஒரு தலித் இதழை இரண்டு பேர் நகையை அடகு வைத்து நடத்துகிறார்கள். அவர்கள் களைத்துப்போனால் இதழ் நிற்கிறது, அல்லது பெரிய கை ஒன்று வந்து பேரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் சந்தா கட்டுவதோடு நிற்காமல் பங்குதாரர்களாக வேண்டும், ஆசிரியர் குழு மாறும்போது கேள்வி கேட்கும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும், வரவு செலவு வருஷா வருஷம் வாசகர் முன் வைக்கப்பட வேண்டும். இந்த இதழிலிருந்தே இதைத் தொடங்கலாம் என்பது என் கருத்து. அடுத்த வாசகர் கூட்டத்தில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள் தோழர்களே.