இருட்டில் தெரிவது எது? கார்பெட்டின் சிறுத்தை நூலும் வெப்பப்படக் கருவியும்

சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள கரும்பு விளையும் கிராமங்களிலிருந்து என் வகுப்புக்குச் சில மாணவர்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவன் ஜிம் கார்பெட்டின் ருத்திரப்பிரயாகைச் சிறுத்தை நூலைப் படித்துவிட்டு வந்து, "சார், கார்பெட்டிடம் ஒரு தெர்மல் கருவி இருந்திருந்தால் ஒரே இரவில் வேலை முடிந்திருக்கும் அல்லவா?" என்று கேட்டான். சற்றுத் தயங்கி, அந்தக் கருவியும் நல்ல ரைபிள் ஒன்றும் இருந்தால் எங்கள் தோட்டத்துக்கு வரும் நரியையும் பன்றியையும் ஒழித்துவிடலாமே என்றும் சேர்த்துக்கொண்டான். விடை சொல்வதற்காக நூலை நான் மறுபடியும் எடுத்துப் படிக்க வேண்டியதாயிற்று.

கேதார்நாத், பத்ரிநாத் செல்லும் யாத்திரை வழியில் 1918 முதல் 1926 வரை 125 பேரைக் கொன்றதாக அரசுக் கணக்கில் ஏறிய ஒரு சிறுத்தையின் கதை அது. வேட்டைக் கதை என்றவுடன் வீரப் பிரதாபங்களை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். நூலின் பெரும்பகுதி தோல்விகளின் பட்டியல். பொறி வைக்கிறார், பிடிபடவில்லை. நஞ்சு வைக்கிறார், சாகவில்லை. மழையிலும் குளிரிலும் மரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறார், ஒன்றும் தெரியவில்லை. இந்த ஒளிவுமறைவின்மைதான் நூலின் பெரிய சிறப்பு என்பது என் கருத்து. ஆய்வகக் குறிப்பேட்டில் தவறிய அளவீடுகளை அழித்துவிடும் நம் மாணவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

நூலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இரும்புப் பொறியைப் பற்றிய அத்தியாயம். பொறியில் ஒரு சிறுத்தை மாட்டிக்கொள்கிறது. அதைச் சுட்டுக் கொல்கிறார்கள். ஊரே கொண்டாடுகிறது. ஆனால் ஆட்கொல்லி உயிரோடு இருப்பது விரைவிலேயே தெரியவருகிறது. செத்தது வேறு சிறுத்தை. கடைசியில், 1926 மே மாதத் தொடக்கத்தில், மாமரத்தின்மேல் காத்திருந்த கார்பெட்டுக்குச் சிறுத்தை வந்ததை அறிவித்தது கீழே கட்டியிருந்த ஆட்டின் கழுத்து மணி. கைவிளக்கு ஒரு கணம் ஒளிர்ந்தது, சுட்டார், விளக்கும் அணைந்துவிட்டது. செத்தது ஆட்கொல்லிதான் என்று உறுதியானது விடிந்த பிறகு, காலில் இருந்த பழைய குண்டுக்காயம் முதலிய அடையாளங்களைப் பார்த்த பின்புதான்.

ஆகவே கார்பெட்டுக்கு இருந்த சிக்கல்கள் இரண்டு. விலங்கு எங்கே இருக்கிறது என்பது ஒன்று. அது எந்த விலங்கு என்பது மற்றொன்று. தெர்மல் கருவி இவற்றில் எதைத் தீர்க்கும்?

கருவியின் தத்துவம் எளியது. உயிருள்ள உடலின் வெப்பநிலை சுமார் 310 கெல்வின். வீன் விதிப்படி 2,898ஐ 310ஆல் வகுத்துப் பாருங்கள், 9.3 மைக்ரோமீட்டர் கிடைக்கும். அந்த அலைநீளத்தில்தான் உடல் மிகுதியாகக் கதிர்வீசுகிறது. வளிமண்டலம் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்புக் கதிர்களை அதிகம் தடுப்பதில்லை என்பது நம் நல்ல காலம். சாதாரணக் கண்ணாடி அவற்றைத் தடுத்துவிடும் என்பதால் ஜெர்மானியத்தால் ஆன வில்லையைப் பயன்படுத்துகிறார்கள். வில்லைக்குப் பின்னால் வனேடியம் ஆக்சைடு போன்ற பொருளால் ஆன ஆயிரக்கணக்கான நுண்சதுரங்கள் உள்ளன. கதிர் பட்டுச் சதுரம் சூடாகும்போது அதன் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றமே படத்தில் ஒரு புள்ளியாகிறது. ஒரு டிகிரியில் நூறில் சில பங்கு வேறுபாட்டைக்கூட இது உணர்ந்துவிடும்.

கண்டுபிடிக்கும் சிக்கல் இதனால் பெரிதும் தீரும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆட்டு மணிக்கு இனி வேலையில்லை. கார்பெட்டின் குளிர்ந்த மலையில் சிறுத்தை விளக்குப்போல் தெரிந்திருக்கும். நம் ஊரில் அவ்வளவு தெளிவை எதிர்பார்க்க முடியாது. சித்திரை வெயிலில் காய்ந்த வரப்பும் கருங்கல்லும் அந்தி சாய்ந்து வெகுநேரம் சூடாகவே இருக்கும். நரியின் மயிர்ப்பரப்பும் ஏறத்தாழ அதே வெப்பநிலைதான். மார்கழியில் வீராணம் ஏரிப் பக்கம் மூடுபனி இறங்கினாலோ, நீர்த்துளிகள் கதிர்களை விழுங்கிவிடும்.

அடையாளம் காணும் சிக்கலுக்கு வருவோம். 12 மைக்ரோமீட்டர் சதுரங்களும் 35 மில்லிமீட்டர் குவியத்தொலைவு உள்ள வில்லையும் கொண்ட கருவி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 12ஐ 35,000ஆல் வகுத்து, வரும் விடையை 500 மீட்டரால் பெருக்கினால் 17 சென்டிமீட்டர் ஆகிறது. அதாவது 500 மீட்டரில் ஒரு புள்ளி 17 சென்டிமீட்டர் அகலத்தை மூடிவிடும். நரியின் உடல் நீளம் முக்கால் மீட்டர், உயரம் 40 சென்டிமீட்டர் எனக் கொண்டால், படத்தில் அது நான்குக்கு இரண்டு புள்ளிகள். நாயும் அப்படித்தான் தெரியும்.

1958இல் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் ஜான்சன் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். இன்றைய கருவிகளுக்கு ஏற்ப மாற்றிச் சொன்னால், பொருளின் சிறிய பக்கத்தில் 2 புள்ளிகள் விழுந்தால் ஏதோ இருக்கிறது என்று அறியலாம். இன்னது என்று துணிய 13 புள்ளிகள் வேண்டும். நரியை நம் கருவி ஏறக்குறைய 580 மீட்டரில் கண்டுவிடும். அது நரிதான் என்று சொல்ல 90 மீட்டருக்குள் வர வேண்டும். இதுவும் நூற்றுக்கு ஐம்பது முறை சரியாக இருக்கும் தொலைவே! விளம்பரங்களில் வரும் 1,800 மீட்டர் போன்ற எண்கள், நிற்கும் ஆள் அளவுள்ள பொருளை 'ஏதோ இருக்கிறது' என்று அறியும் தொலைவு. இதை அங்கே சிறிய எழுத்தில்தான் போடுகிறார்கள்.

ரைபிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நரிக்கும் மானுக்கும் ஒரே துப்பாக்கி போதுமா என்பது பிரிட்டனில் சட்டப்படி வேட்டையாடுவோர் கேட்கும் கேள்வி. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம், சுடப்படும் மான் அடிபட்டு ஓடி அணுஅணுவாகச் சாகக்கூடாது என்பதற்காக, தோட்டாவுக்கு 1,700 அடி-பவுண்டு, அதாவது சுமார் 2,300 ஜூல் ஆற்றலாவது வேண்டும் என்கிறது. பொதுவாக இரவில் மானைச் சுடவும் அங்கே தடை. சம்பாவத் புலியை 1907இல் கொன்றதற்காகக் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பியின் தோட்டா 9 கிராம். வேகம் நொடிக்கு 820 மீட்டர் அளவில். அரைப்பங்கு நிறை பெருக்கல் வேகத்தின் வர்க்கம் என்று போட்டால் 3,000 ஜூல் வருகிறது. சிறிய .22 ரைபிளில் 140 ஜூல்தான்.

அந்த 3,000 ஜூல் குறி தவறினால் எங்கே போகும் என்ற கவலை நூலில் எனக்குத் தென்படவில்லை. இதை ஒரு குறை என்றே சொல்வேன். மலைச்சரிவு பல இடங்களில் தோட்டாவைத் தானே வாங்கிக்கொண்டிருக்கும். வெள்ளாற்றுச் சமவெளியில் ஏரிக்கரையை விட்டால் மேடு ஏது? குழல் ஒரே ஒரு டிகிரி மேல்நோக்கி இருந்தாலும், காற்றின் தடையைக் கழித்த பிறகும், தோட்டா ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். அதற்குள் நம் பக்கத்தில் குறைந்தது ஒரு குடியிருப்பாவது வந்துவிடும்.

சட்டமும் இதற்கு இடம் தருவதில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. 2022 திருத்தத்தில் நரி முதல் அட்டவணைக்கே போய்விட்டது. கரும்பைக் கடிக்கும் அதே நரிதான் வயலெலிகளையும் தின்கிறது என்பதை விவசாயிகளே சொல்வார்கள். பன்றியின் நிலை வேறு. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட 2025 ஜனவரியில் தமிழக அரசு வழி செய்தது. ஆனால் சுட வேண்டியது வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள், தோட்டக்காரர் அல்ல.

துப்பாக்கி இல்லாமலும் இந்தக் கருவி நன்றாக வேலை செய்கிறது. கோவைக்கு அருகே மதுக்கரைப் பகுதி ரயில் பாதையில் 2021 நவம்பரில் மூன்று யானைகள் அடிபட்டு இறந்தன. 2024 பிப்ரவரியில் அங்கே கோபுரங்களில் தெர்மல் கேமராக்கள் பொருத்தி, யானை வந்தால் ரயில் ஓட்டுநருக்கு எச்சரிக்கை போக ஏற்பாடு செய்தார்கள். இரண்டரை மீட்டர் உயர யானைக்கு, நாம் எடுத்துக்கொண்ட கருவியே 560 மீட்டர் வரை 13 புள்ளிகள் தரும். அப்படியே தவறாக அடையாளம் கண்டாலும் ஒரு ரயில் சற்று மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம் மாணவனிடம் சொல்லி, 400 மீட்டருக்குக் கணக்கிட்டுவரச் சொன்னேன். மறுநாள் குறிப்பேட்டைக் காட்டினான். நரி: ஐந்துக்கு மூன்று புள்ளிகள். பன்றி: ஒன்பதுக்கு ஐந்து. அதற்குக் கீழே, நான் கேட்காத ஒன்றையும் எழுதியிருந்தான். இரவில் மோட்டார் போட்டுவிட்டு மடை திருப்பக் குனிந்திருக்கும் அப்பா: ஆறுக்கு நான்கு.