கண் ஊசியில் என்ன கலக்கிறோம்?

30 மி.லி. லிக்னோகைன் மரப்பு மருந்துக் குப்பியில் 1,500 யூனிட் ஹயலுரோனிடேஸ் தூளைக் கரைத்தால் மி.லி.க்கு 50 யூனிட். கண்புரை அறுவைக்கு முன் கண்ணைச் சுற்றிப் போடும் ஊசியில் நம் நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் பழகிப்போன கலவை இது. நாலைந்து பேருக்குப் போதும். ஒரே குப்பியில் திரும்பத் திரும்ப ஊசி இறக்கினால் கிருமி நுழையலாம் என்பது தனிக் கவலை.

இந்த நொதியைக் கண் ஊசியில் சேர்ப்பதைப் பற்றி 1949இல் எழுதியவர் அமெரிக்க மருத்துவர் அட்கின்சன். திசுக்களுக்கு இடையே இருக்கும் பசையை அது இளக்குவதால் மருந்து சீராகப் பரவுகிறது. 1990களின் இறுதியில் அமெரிக்காவில் இதற்குத் தட்டுப்பாடு வந்தது. ஊசிக்குப் பிறகு கண் தசை கெட்டு, எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிந்தவர்களைப் பற்றி அப்போது அங்கே மருத்துவர்கள் எழுதினார்கள். பரவாமல் தேங்கிய மருந்து தசையைப் பாதித்திருக்கலாம் என்பது அவர்கள் சந்தேகம். அரிதாக ஒவ்வாமையில் கண் வீங்கிப் பிதுங்கும் என்றாலும், ஹயலுரோனிடேஸைக் கைவிடச் சொல்ல மாட்டேன்.

என் சண்டை ஊசியில் சேர்க்கும் மற்றவற்றோடுதான். அட்ரினலின் ரத்தக் குழாயைச் சுருக்கும். பார்வை நரம்பு ஏற்கெனவே நலிந்த கிளாக்கோமா நோயாளியிடம் அது வேண்டாத துணிச்சல்.

அரைமயக்க மருந்தான டெக்ஸ்மெடிடோமிடைனின் கதை வேறு. மைசூரு மாதிரி மருத்துவக் கல்லூரி ஊர்களில் எம்.டி. மாணவருக்கு ஆய்வேடு கட்டாயம். கண் ஊசியில் இந்த மருந்தைச் சேர்த்துப் பார்ப்பதோ கைக்கெட்டும் தலைப்பு. ஊசி போட்டதும் "மேலெ நோடி, கெளகெ நோடி" (மேலே பாருங்கள், கீழே பாருங்கள்) என்று கன்னடத்தில் சொல்லி, நான்கு திசைக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் அட்டவணை தயார். டெக்ஸ்மெடிடோமிடைனைச் சேர்த்தால் கண் சீக்கிரம் அசைவற்றுப் போகிறது, மரப்பு நெடுநேரம் நிற்கிறது, கண் அழுத்தமும் சற்று இறங்குகிறது என்கின்றன வெளியான பல ஆய்வுகள். நம்புகிறேன். ஆனால் சிறு கீறல் கண்புரை அறுவை, கை பழகியவருக்குப் பத்துப் பதினைந்து நிமிட வேலை. நஞ்சன்கூட்டிலிருந்து பஸ் ஏறி வந்த பாட்டிக்கு மணிக்கணக்கில் நீளும் மரப்பு எதற்கு? இந்த மருந்தால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சரியலாம். அவரோ ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் மாத்திரை போடுபவராக இருக்கலாம். சொட்டு மருந்திலேயே பேக்கோ முறைக் கண்புரை அறுவை நடக்கும் காலத்தில், சில நிமிடங்களை மிச்சம் பிடிக்க இவ்வளவு தேவையா?

விழித்திரை அறுவை மணிக்கணக்கில் போகும். அங்கே, மானிட்டரும் மயக்க மருத்துவரும் பக்கத்தில் இருந்தால், இந்த மருந்துக்கு இடமுண்டு. கண் சிகிச்சை கேம்ப் வரிசையில் இல்லை.

இன்னொன்று: டெக்ஸ்மெடிடோமிடைன் ஊசிக்குக் கிடைத்த அனுமதி சிரை வழியே அரைமயக்கம் தருவதற்கு, கண்ணைச் சுற்றிப் போடுவதற்கு அல்ல. சேர்ப்பவர்கள் ஒப்புதல் படிவத்தில் அதை ஒரு வரி எழுதட்டும். கன்னடத்தில், பாட்டிக்கு வாசித்தும் காட்டட்டும்.