உறவை விலைபேசும் உரை

கதையும் கவிதையும் மட்டுமே விமரிசகனின் ஆராய்ச்சிக்கு உரியவை என்று விதி ஏதுமில்லை. மக்களின் உள்ளத்தை அசைத்துச் செயலுக்குத் தூண்டும் எந்தப் பேச்சும் விமரிசனத்துக்கு உரியதே. "வீட்டிலிருந்தே உழைக்கலாம்" என்ற அழைப்புடன் நடைபெறும் வலைப்பின்னல் வணிகக் கூட்டங்களின் உரையையும் அவ்வாறே பரிசீலிக்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.

இவ்வுரைக்குத் திட்டமான அமைப்பு உண்டு. முதலில் கேட்போரின் கஷ்டங்களை எடுத்துரைப்பர். அடுத்து, நேற்றுவரை அவர்களைப் போலவே இருந்த ஒருவரின் வெற்றிக் கதை வரும். பின்னர், இன்று சேருவோருக்கே இந்த வாய்ப்பு என்ற அவசரம். இறுதியில், ஐயம் எழுப்புவோரிடம் யோசனை கேட்காதீர்கள் என்ற எச்சரிக்கை. சிந்திப்பதற்குக் காலம் வேண்டும். கலந்து பேசத் துணை வேண்டும். இரண்டையும் பறித்துக்கொண்ட பின்னரே, தெரிந்தவர் நூறு பேரின் பெயரை எழுதித் தரும்படி கேட்கிறார்கள்.

அந்தப் பெயர்ப் பட்டியலே இவ்வணிகத்தின் உண்மையான சரக்கு. மட்டக்களப்பு வாவியின் இருபுறத்தும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், தாய்வழிக் குடிமரபு இன்றும் முற்றாக மறையவில்லை. மணமான பெண் தாய்வீட்டை அண்டி வாழ்வதும், வீடுவளவு அவளுக்குச் சீதனமாகச் சேர்வதும் இப்பிரதேச வழக்கு. அக்காளும் தங்கையும் பெரியம்மா பிள்ளைகளும் அடுத்தடுத்த வளவுகளில் வாழுமிடத்தில் சீட்டும் கைமாற்றும் பத்திரம் இன்றியே நடைபெறுகின்றன. இந்த நம்பிக்கை பல தலைமுறைகளின் சேமிப்பாகும். வலைப்பின்னல் வணிகன் இங்கே கடை திறக்க வேண்டியதில்லை. மச்சாளே மச்சாளிடம் சென்று பேசுவாள். வணிகத்துக்கு "வேண்டாம்" என்று சொன்னால் அது உறவுக்குச் சொன்னதாகிவிடும். இதைவிட வலிய நெருக்குதல் வேறென்ன இருக்கிறது?

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஒவ்வொருவரும் 6 பேரைச் சேர்க்க வேண்டுமெனின், எட்டாம் படிக்கு மட்டும் 16 இலட்சத்து 79 ஆயிரத்து 616 பேர் தேவை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் வாழ்ந்தோரோ ஏறத்தாழ ஐந்தேகால் இலட்சம் பேர். பத்தாம் படிக்கு ஆறு கோடிப் பேர் வேண்டும். 2024இல் எண்ணியபோது முழு இலங்கையிலும் இருந்தோர் ஏறக்குறைய 2 கோடி 17 இலட்சமே. தொட்டிற் குழந்தையைச் சேர்த்தாலும் ஆள் போதாது. எனவே, அடிப்படியில் நிற்கும் பெரும்பான்மையோர் இழப்பது திட்டத்தின் அமைப்பிலேயே அடங்கியுள்ளது. உரையோ "முயன்றவன் வெல்வான்" என்று கூறி, தோற்றவரைச் சோம்பேறி ஆக்கிவிடுகிறது.

சவர்க்காரமோ சத்துமாவோ கைமாறுவதால் மட்டும் வணிகம் நேர்மையாகிவிடாது. பண்டத்தை விற்றா, ஆளைச் சேர்த்தா வருமானம் வருகிறது என்பதே உரைகல். புதிதாகச் சேருவோரின் தொகையையோ அவர்கள் செலுத்தும் பணத்தையோ பெரிதும் நம்பி இலாபம் தரும் பிரமிட் திட்டங்களை வங்கித்தொழிற் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் தடை செய்தது. ஆயினும் அவை ஓயவில்லை. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது நின்றது. அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மியது. அந்தப் பஞ்சத்தின் பின்னேதான் எம்.டி.எஃப்.இ. என்ற செயலி இங்கே பரவியது. 2023இல் அதைத் தடைசெய்யப்பட்ட திட்டமென மத்திய வங்கி அறிவித்தது. அதே ஆண்டில் அது சரிந்தபோது, இலங்கையிலும் வங்காளதேசத்திலும் பலர் கைப்பொருளை இழந்தனர்.

இழந்தோர் ஏன் வாய் திறப்பதில்லை? இத்தகைய திட்டத்தை நடத்துவது மட்டுமன்றி, ஊக்குவிப்பதும் குற்றமே. தங்கையைச் சேர்த்துவிட்ட அக்காள் பாதிக்கப்பட்டவள். சட்டத்தின் முன் ஊக்குவித்தவளும் அவளே. முறைப்பாடு செய்யப் போனால் அவளுடைய பெயரே முதலில் எழுதப்படும். ஆகவே நட்டம் வளவுக்குள் சண்டையாக முடிகிறது. கோபம் பக்கத்து வீட்டைத் தாண்டுவதில்லை. உச்சியில் இருப்போரை அது எட்டுவதுமில்லை.

வீட்டிலிருந்தே வருமானம் வேண்டுமென்ற ஆசையை நாம் எள்ளி நகையாடலாகாது. போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் பல குடும்பங்களின் பாரத்தைப் பெண்களின் தோளில் ஏற்றிவிட்டன. நுண்கடன்காரர் வாரந்தோறும் வாசலில் நிற்கின்றனர். கூட்டுறவும் நெசவும் நியாயமான கூலியும் தர வேண்டிய விடையை யாரும் தராதபோது, அந்த வெற்றிடத்திலே பொய்யுரை புகுகிறது. வேலைக்கான கோரிக்கையை நாம் ஓயாது எழுப்ப வேண்டும். அதற்கிடையில், ஆசிரியர் அந்த ஆறின் பெருக்கத்தை ஒருமுறை கரும்பலகையில் போட்டுக் காட்டட்டும்; மாணவர் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும்.