திறந்த மூலத் திட்டங்களில் மென்பொருள் சோதனை எவ்வளவு?

திறந்த மூலத் திட்டங்களில் மென்பொருள் சோதனை எந்த அளவுக்குப் பரவியுள்ளது என்று ஆராய்வோர் பலர், களஞ்சியத்தில் சோதனைக் கோப்புறை ஒன்று உள்ளதா எனப் பார்த்தே விடை சொல்லிவிடுகின்றனர். இந்த அளவுகோல் போதாது. சோதனைகள் இருப்பது வேறு, அவை பிழையைப் பிடிப்பது வேறு.

ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்தில் சோதனைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் 2012 மார்ச்சில் வெளிவந்த 1.0.1 பதிப்பில் இருந்த ஹார்ட்பிளீட் பிழை 2014 ஏப்ரல் வரை திருத்தப்படாமல் கிடந்தது. தான் அனுப்பும் தரவின் நீளம் இவ்வளவு என்று மறுமுனை சொன்னதை நிரல் சரிபார்க்காமல் நம்பியது. அதனால் ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை நினைவகத் தரவு வெளியே கசிந்தது. பொய்யான நீளத்தைக் கொடுத்துப் பார்க்கும் ஒரு சிறு சோதனை இருந்திருந்தால் இது அன்றே வெளிப்பட்டிருக்கும். சரியான உள்ளீட்டுக்குச் சரியான விடை வருகிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்வது பல திட்டங்களின் பழக்கம். பலர் பார்த்தால் பிழை தங்காது என்னும் எரிக் ரேமண்டின் நம்பிக்கையும் இங்கே உதவவில்லை. பார்க்க ஆள் இருந்தால்தானே!

இதற்கு நேர்மாறானது எஸ்கியூலைட். 3.42.0 பதிப்பில் (2023) அதன் மூலநிரல் ஏறத்தாழ 1,55,800 வரிகள். சோதனை நிரல் அதைப்போல் 590 மடங்கு எனத் திட்டத்தினர் கூறுகின்றனர். டிசிஎல் சோதனைகள் திறந்தே உள்ளன. ஆனால் மிகக் கடுமையான டிஎச்3 சோதனைத் தொகுப்பு தனியுரிமையானது. நிரலை எவரும் திருத்தலாம். திருத்தியதை அதே கடுமையுடன் சோதிக்க எல்லோராலும் முடியாது. இதை முழுவதும் திறந்த மூலத்தின் சாதனையாகக் கணக்கில் சேர்ப்பது பொருத்தமாகத் தோன்றவில்லை.

2024இல் எக்ஸ்இசட் நிகழ்வு வேறொன்றைக் காட்டியது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் புகுத்தப்பட்ட பின்கதவு, சோதனைக்கான கோப்புகளுக்குள்ளேயே ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. சுருக்க மென்பொருளுக்குச் சிதைந்த கோப்புகளைக் கொடுத்துச் சோதிப்பது வழக்கம் என்பதால் எவரும் ஐயுறவில்லை. அதைக் கண்டுபிடித்தது எந்தத் தானியங்கிச் சோதனையும் அன்று. எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் நிரலர்.

சோதனை எழுதுவதும் உழைப்பு, எழுதியதைப் படிப்பதும் உழைப்பு. ஹார்ட்பிளீட் வெளிவந்த பிறகே ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்குப் பெரு நிறுவனங்களின் நிதி கிடைத்தது. எக்ஸ்இசட்டையோ நெடுங்காலம் ஒருவரே ஊதியமின்றி, ஏறத்தாழத் தனியாகப் பேணிவந்தார். அவர் சோர்ந்திருந்த காலத்தில் உதவிக்கு வந்தவர்போல் நெருங்கியவர்தான் அந்தச் சோதனைக் கோப்புகளைச் சேர்த்தார்.